கட்டுமரக்காரர் சொன்ன காற்று



ஓய்வுக்குப் பிறகு சார் கடலில் என்ன செய்தார் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். பழைய மாணவர் ஒருவர், "சார், ஸ்டாப் வாட்ச் பிடிக்க நம்பகமான ஆள் வேணும்" என்று அழைத்துப் போனார். அன்றிலிருந்து சில ஆண்டுகள் சென்னைக் கடலில் பாய்மரப் படகுப் போட்டிகளுக்கு நேரம் பார்த்தேன்.

இந்த விளையாட்டுக்கு நம் ஊரில் நூறு வயதுக்கு மேல். 1904-ல் துறைமுகப் பொறுப்புக்கு வந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், 1911-ல் யாட் கிளப்பைத் தொடங்கினார். இன்றைய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் அதுதான். 1912-ல் கணித மேதை ராமானுஜன் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தராகச் சேர்ந்த துறைமுக அலுவலகத்துக்கும் இவரே தலைவர். கணக்கு வாத்தியாரான எனக்கு இதில் தனிப் பெருமை!

ஆனால் கிளப் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்தக் கடல் கட்டுமரங்களுடையது. வில்லியம் டாம்பியர் 1697-ல் வெளியிட்ட பயண நூலில் இந்தச் சொல்லை எழுதியிருக்கிறார். பிறகு இரட்டை உடல் படகுக்கு அதுவே 'கேட்டமரான்' என்று பெயராயிற்று. அந்த அமைப்பு பசிபிக் தீவு மக்களுடையது, பெயர்தான் நம்முடையது. நத்தானியேல் ஹெரஷாஃப் கட்டிய அப்படியொரு படகு 1876-ல் நியூயார்க்கில் மற்றவற்றை முந்தியதும் எதிர்ப்பு கிளம்பியது. 2013-ல் அமெரிக்கா கோப்பைப் போட்டியே கேட்டமரான்களில்தான் நடந்தது.

பெயர் உலகம் சுற்றியது. அந்தப் பெயருக்கு உரியவர்களின் அறிவை நாம் மதித்தோமா? என் தவறு ஒன்றையே சொல்கிறேன்.

போட்டி தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு கொடி ஏறும். நான்காவது நிமிடத்தில், நீலத்தின் நடுவே வெள்ளைச் சதுரம் உள்ள கொடி ஏறும். ஒரு நிமிடம் இருக்கையில் அது இறங்கும். முதல் கொடியும் இறங்கினால் போட்டி ஆரம்பம். ஹாரனும் ஒலிக்கும், ஆனால் கொடிதான் கணக்கு. ஏனென்று வகுப்பில் படித்திருக்கிறீர்கள். 170 மீட்டர் தள்ளியிருப்பவர் காதுக்கு ஒலி போய்ச்சேர அரை நொடி ஆகும்.

அன்று சிறுவர் போட்டி. எட்டடிகூட இல்லாத ஆப்டிமிஸ்ட் படகுகள், படகுக்கு ஒரு பிள்ளை. காலையில் வீசிய மேல்காற்றை வைத்துப் பாதை அமைத்து, மிதவைகள் போட்டிருந்தோம். மிதவை போடும் படகை ஓட்டியவர் காசிமேட்டுப் பெரியவர். இளமையில் கட்டுமரத்தில் போனவர். முதல் கொடி ஏறுவதற்குச் சற்று முன் வாக்கி டாக்கியில், "வாத்தியாரே, மேகாத்து அடங்குது. கடக்காத்து வந்துடும், கொஞ்சம் பொறுங்க" என்றார். என் கண் கடிகாரத்தில் இருந்தது. "சரிங்க" என்றேன். போட்டி அதிகாரியிடம் சொல்லவில்லை.

தொடங்கிப் பத்து நிமிடத்தில் காற்று செத்தது. பிறகு கிழக்கிலிருந்து வீசியது. பின்னால் கிடந்தவர்கள் முன்னால் வந்தார்கள். போட்டி அர்த்தமிழந்தது. நீலமும் வெள்ளையும் கட்டம் போட்ட கொடி ஏறியது, ஹாரன் மூன்று முறை ஒலித்தது: போட்டி ரத்து.

அதுவரை முதலில் வந்துகொண்டிருந்த சிறுமி கரையில் என்னிடம் வந்து, "நான் என்ன சார் தப்பு பண்ணேன்?" என்று அழுதாள். "நீ ஒண்ணும் பண்ணலம்மா, தப்பு என்னுது" என்றேன். அதிகாரியிடமும் நடந்ததைச் சொன்னேன். பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டபோது, "காத்து யாரு பேச்சையும் கேக்காது வாத்தியாரே, நாமதான் கேக்கணும்" என்று சிரித்தார்.

அதன் பின் ஒவ்வொரு போட்டிக்கும் முதல் கொடி ஏறும் முன் அவரிடம் காற்றைக் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதி, பக்கத்தில் அவர் பெயரையும் எழுதினேன். முடிவுப் பட்டியலில் அதிகாரிகள் பெயர் வரும். அவர் பெயர் வந்ததில்லை. என் குறிப்பேட்டில் இருக்கிறது.

உங்கள் வேலையிடத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். அவர் சொல்வதைக் காதில் வாங்குங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு சார்