அரை றமழானில் கதவு தட்டும் பிள்ளைகள்

எம் பெண்கள் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகத் தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. 1977இன் திறந்த பொருளாதாரத்தோடு தொடங்கிய இப்போக்கு, 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அமைந்த பின் வேரூன்றியது. அவர்கள் அனுப்பிய பணத்தைப் பற்றியும் பட்ட துன்பத்தைப் பற்றியும் நிறையவே எழுதியாயிற்று. அவர்கள் அங்கே கண்டவற்றைக் கேட்டெழுதியோர் மிகக் குறைவு. அப்படி அவர்கள் கண்டவற்றுள் ஒன்று கர்கீஆன்.

றமழான் பிறை 13, 14, 15 ஆகிய இரவுகளில், நோன்பு திறந்த பின்னர், குவைத், பஹ்ரைன், சவூதியின் கிழக்குக் கரை ஆகிய இடங்களில் பிள்ளைகள் கூட்டங் கூட்டமாக வீடு வீடாகப் போவார்கள். பெண் பிள்ளைகளின் தலையில் சரிகை வேலை செய்த ‘புக்னக்’ என்னும் தலையாடை. (சரிகையை அவர்களும் ‘ஸரி’ என்றே சொல்கிறார்கள்; வங்காள விரிகுடாவுக்கும் பாரசீக வளைகுடாவுக்கும் இடையே துணியோடு சொல்லும் கப்பலேறியிருக்கிறது.) ஆண் பிள்ளைகள் வெள்ளை அங்கியும் தொப்பியும் அணிந்து, சிலர் அதன் மேல் அரைச்சட்டையும் போட்டிருப்பார்கள். கழுத்தில் ஒரு துணிப்பை தொங்கும். கதவடியில் நின்று பாடுவார்கள். அவ்வீட்டுப் பிள்ளையின் பெயரைச் சொல்லி, அல்லாஹ் அவனைத் தாய்க்காகக் காப்பாற்ற வேண்டும் என்று கேட்பது அப்பாட்டின் சாரம். வீட்டுக்காரி பெட்டியிலிருந்து கச்சான், வாதுமை, உலர்ந்த கடலை, டொபி எல்லாம் கலந்து அள்ளிப் பையில் போடுவாள்.

கத்தாரில் இதற்குக் கரங்காவூ என்றும், ஓமானில் கரன்கஷூ என்றும், ஈராக்கில் மாஜீனா என்றும் பெயர். பெயரின் மூலம் பற்றி இரு கருத்துகள் உண்டு. பாத்திரத்தில் கொட்டைகள் மோதும் கலகலப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பது ஒன்று. ‘குர்ரத்துல் ஐன்’, அதாவது கண்குளிர்ச்சி என்பதன் திரிபு என்பது மற்றது. ஹிஜ்ரி 3, றமழான் நடுப்பகுதியில் ஹஸன் (ரழி) பிறந்தபோது மதீனத்து மக்கள் வாழ்த்த வந்தார்கள், இனிப்பு வழங்கப்பட்டது என்று இதற்கொரு கதையும் சொல்வார்கள். கதை அழகானது. ஆனால் பிள்ளைகள் அவ்வாறு வீடு வீடாகச் சென்றதற்கு நம்பத்தக்க ஹதீஸ் ஆதாரம் எதுவும் இல்லை. என் எண்ணத்தில் காரணம் வானத்திலேயே இருக்கிறது. மின்விளக்கு இல்லாத காலத்தில் சிறு பிள்ளைகள் தெருவில் நடமாடத்தக்கவை பூரணை நிலவின் மூன்று இரவுகளே.

எமிரேட்ஸ் நாட்டில் இவ்வழக்கம் ஒரு மாதம் முன்னதாக, ஷஃபான் 15ஆம் இரவையொட்டி வருகிறது. பெயர் ‘ஹக்குல் லைலா’. இதில் ‘ஹக்’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். பிள்ளைகள் யாசிக்கவில்லை; இந்த இரவுக்குரிய தம் உரிமையைக் கேட்கிறார்கள். அதே பராஅத் இரவில்தான் எமது ஊர்களில் மூன்று யாசீன் ஓதி, ரொட்டி சுட்டு, அயல்வீடுகளுக்கும் வாசலுக்கு வரும் பிள்ளைகளுக்கும் பகிர்ந்தார்கள். வேடமும் பாட்டும் எம்மிடம் இல்லை. ஆனால் மௌலூது மஜ்லிஸ் முடிந்ததும் நார்சாவுக்குக் கைநீட்டி நின்ற எவருக்கும் அந்த உரிமைக் குரல் அந்நியமாக இராது.

வேடம் பூண்ட பிள்ளைகளைத் தேடினால் தக்காணத்துக்குப் போக வேண்டும். ஜஃபர் ஷரீஃப் எழுதி, ஹெர்க்லாட்ஸ் ஆங்கிலத்தில் பெயர்த்து, 1832இல் இலண்டனில் வெளியான ‘கானூனே இஸ்லாம்’ முஹர்ரம் நாட்களின் பக்கீர் வேடங்களை விரிவாகப் பதிவு செய்கிறது. நேர்ச்சை வைத்த பெற்றோர் தம் பிள்ளையை ஹுஸைனின் பக்கீராக்கி, பச்சை உடுத்தி, வீடுகளில் கேட்டு வரச் செய்தார்கள். தஞ்சைப் பகுதி முஹர்ரத்தின் புலிவேடமும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஐரோப்பியரின் ஹலோவீனைப் பார்த்து அரபிகள் பழகினார்கள் என்று சொல்வது இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது. அதற்கு ஆதாரம் காட்டுவோரைக் காணோம். வீடு வீடாகக் கேட்கும் பிள்ளைகள் எல்லா நாட்டிலும் உண்டு.

வில்கமுவப் பக்கம் சிங்களவரே பெரும்பான்மையினர். வெளிநாடு போன பெண்களிலும் அவர்களே அதிகம். குவைத்தில் ஆண்டுக்கணக்கில் வேலை செய்து திரும்பிய அத்தகைய ஒருவர் அதைக் ‘கச்சான் பெருநாள்’ என்றார். அந்த வாரம் முழுதும் நள்ளிரவு வரை பைகளில் கச்சானும் மிட்டாயும் நிரப்பிக் கட்டுவது அவரது வேலை. “எத்தனை பை கட்டினீர்கள்?” என்று கேட்டேன். எண்ணவில்லையாம். தன் மகளுக்கு அப்போது நான்கு வயது என்பது மட்டும் நினைவிருக்கிறதாம்.

ஒரு காலத்தில் போக்குவரத்து மறுபக்கமாக இருந்தது. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மரிச்சுக்கட்டி முத்துக்குளிப்புக்கு வளைகுடாவிலிருந்து அரபுச் சுழியோடிகள் கூலிக்கு வந்தார்கள். 1946இல் குவைத் எண்ணெய் ஏற்றுமதி தொடங்கியது. 1957இல் பழைய நகர மதில் இடிக்கப்பட்டது. நெருங்கிய தெருக்கள் போய்ப் புறநகர் வந்தது. கர்கீஆன் இன்று பெரும்பாலும் கடைத்தொகுதிகளிலும் பாடசாலைகளிலும் நடக்கிறது. துணிப்பையின் இடத்தில் பெயர் அச்சிட்ட பெட்டி.

சவூதியின் நிரந்தர ஃபத்வாக் குழு இதைப் பித்அத் என்றது. வணக்கமாகக் கருதாவிடில் வெறும் வழக்கமே என்று வாதிடும் ஆலிம்களும் அங்கே உண்டு, மக்கள் விட்டுவிடவில்லை. நாமோ பராஅத் ரொட்டியை விவாதமின்றியே பல ஊர்களில் விட்டோம். ‘அரபு நாட்டில் இல்லாதது’ என்பதும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. அங்கே இருந்ததை அறிந்தவர்கள் எம் வீட்டுப் பெண்கள். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

2019 மே 13ஆம் திகதி, நோன்பு காலத்திலேயே, குளியாப்பிட்டி, மினுவாங்கொடைப் பக்கங்களில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. அன்றிரவு நாடெங்கும் ஊரடங்கு. அந்த றமழானின் 15ஆம் பிறை வந்தபோது தறாவீஹுக்குக்கூடப் பிள்ளைகளைத் தனியே அனுப்பத் தாய்மார் தயங்கினார்கள்.