ஒரே செலவு, இரு கணக்கு: தொண்டு நிறுவனங்களின் நிர்வாகச் செலவு

லண்டனில் இயங்கும் தொண்டு நிறுவனம் ஒன்றுக்குக் கிடைக்கும் நன்கொடையில் ஒரு பகுதி அலுவலக வாடகைக்கும் கணக்காளரின் ஊதியத்துக்கும் செல்கிறது. அது எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு இங்கிலாந்துச் சட்டத்தில் உச்சவரம்பு ஏதும் இல்லை.

பிரிட்டனில் தொண்டு நிறுவனங்களுக்கான கணக்கு நெறிமுறை 2005-ஆம் ஆண்டு திருத்தப்பட்டபோது, நிர்வாகச் செலவு என்ற பொதுத் தலைப்பு கைவிடப்பட்டது. அதன் பின்னர் பெரிய நிறுவனங்கள் இத்தகைய செலவுகளை, இடப்பரப்பு, ஊழியர் எண்ணிக்கை போன்ற அடிப்படைகளில் தமது திட்டங்களுக்குப் பகிர்ந்து காட்டுகின்றன. ஆகவே, கிணறு வெட்டிய செலவாகக் காட்டப்படும் தொகையில் லண்டன் வாடகையும் ஓரளவு அடங்கியிருக்கக்கூடும். இதில் ஒளிவுமறைவு இல்லை. பகிர்ந்த முறை கணக்கின் குறிப்புகளில் தரப்படுகிறது. அதைப் படிக்கும் நன்கொடையாளர்கள்தான் குறைவு.

அதே பணம் தமிழகத்தைச் சென்றடைந்ததும் நிலைமை மாறுகிறது. இந்தியாவின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010-இல் நிர்வாகச் செலவுக்கு விதித்த 50 சதவீத வரம்பு, 2020 செப்டம்பரில் 20 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பத்து லட்சம் ரூபாய் பெறும் அமைப்பு, வாடகை, மின்கட்டணம், கணக்கெழுதும் செலவு, சட்ட ஆலோசனை அனைத்தையும் இரண்டு லட்சத்துக்குள் முடிக்க வேண்டும்.

மருத்துவமனையின் மருத்துவருக்கோ பள்ளி ஆசிரியருக்கோ தரும் ஊதியம் இந்த வரம்பில் சேராது. எனவே மருத்துவமனை நடத்துவோருக்குச் சிரமம் குறைவு. பல கிராமங்களின் பணிகளை ஒருங்கிணைக்கும் அமைப்புகளுக்கே நெருக்கடி அதிகம். மேலும், வெளிநாட்டு நிதியை வேறோர் அமைப்புக்கு மாற்றித் தருவதையும் அதே திருத்தம் தடை செய்ததால், தனியாக அலுவலகம் வைக்க இயலாத சிறு குழுக்கள் சென்னையிலுள்ள பெரிய நிறுவனம் வழியாக நிதி பெறும் வழியும் அடைபட்டது.