ஜொகூரும் தனியார் பல்கலைக் கழகமும்

எந்தப் பல்கலைக் கழகத்தைத் தேர்வது என்னும் கவலை முற்காலத்து ஜொகூர் மாணாக்கனுக்கு இருந்ததில்லை. இருந்த ஒன்றில் இடம் பெறுவதே அரிதாயிருந்தது. இன்றோ ஜொகூர் பாருவைச் சூழப் பல வாயில்கள் திறந்துள்ளன. ஆயினும், அவையனைத்திற்கும் ‘தனியார்’ என்னும் ஒரே பெயர் வழங்குவதால், யாவும் ஒரே தன்மையன எனக் கொள்வார் உளர். அது பொருந்தாது என்பதை வரலாறு காட்டும்.

கடற்பாலம் முறைப்படி திறக்கப்பட்டது 1924-ஆம் ஆண்டில். அந்நாளில் உயர்கல்வி வேண்டிய ஜொகூர் இளைஞர் சிங்கப்பூரையே நாடினர். அங்கு 1905-இல் தோன்றிய மருத்துவக் கல்லூரியும் பின்னர் எழுந்த இராபிள்ஸ் கல்லூரியும் 1949-இல் இணைந்து மலாயாப் பல்கலைக் கழகம் ஆயின. 1956-இல் அதனுள் இந்தியவியல் துறை அமைந்தது. அதில் தமிழுக்கு உரிய இடம் கிடைக்க வேண்டும் என்று கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதி திரட்டினார். அரசாங்கப் பல்கலைக் கழகமேயாயினும், அதில் தமிழ் நிலைபெற மக்களின் பணமும் துணைநின்றது.

அதே 1956-இல் சிங்கப்பூரில் நன்யாங் பல்கலைக் கழகம் பாடம் தொடங்கிற்று. டான் லார்க் சை முன்னின்று தொடங்கிய அம்முயற்சிக்கு வணிகர் மட்டுமின்றி, மிதிவண்டி ரிக்‌ஷா ஓட்டியோரும் தம் ஒருநாள் வருவாயை ஈந்தனர். ‘தனியார்’ என்னும் சொல்லின் முதற்பொருள் இதுவே: ஒரு சமூகம் தன் மக்களுக்காகத் தானே எழுப்புவது. 1980-இல் அது சிங்கப்பூர்ப் பல்கலைக் கழகத்துடன் இணைக்கப்பட்டது.

1965-இல் சிங்கப்பூர் தனிநாடாயிற்று. கடற்பாலம் நாட்டின் எல்லையாயிற்று. மலேசியச் சீனர் 1968 முதல் மெர்டேக்கா பல்கலைக் கழகம் நிறுவ முயன்றனர். 1971-ஆம் ஆண்டுச் சட்டம் பல்கலைக் கழகம் அமைக்கும் உரிமையை அரசின்பால் வைத்தது. அம்முயற்சி நீதிமன்றம் சென்று 1982-இல் தோல்வியுற்றது. எனவே வசதியுள்ளோர் பிள்ளைகளை அயல்நாட்டுக்கு அனுப்பினர்; நடுத்தரத்தினர், சில ஆண்டு உள்நாட்டுத் தனியார் கல்லூரியிலும் எஞ்சிய ஆண்டு அயல்நாட்டிலும் பயிலும் இணைப்புப் படிப்பை நாடினர்.

இந்நிலையை மாற்றியது 1996-ஆம் ஆண்டுத் தனியார் உயர்கல்விச் சட்டம். மறு ஆண்டே வந்த பொருளாதார நெருக்கடியில் ரிங்கிட்டின் மதிப்பு வீழ, அயல்நாட்டுப் படிப்பு எட்டாக்கனி ஆயிற்று. அயல்நாட்டுப் பட்டத்தை முழுமையும் உள்நாட்டிலேயே பயிலும் முறைக்கு 1998-இல் வழி பிறந்தது.

அதன்பின் ஜொகூரில் மூவகைத் தனியார் நிலையங்கள் காணப்படலாயின. முதலாவது, சமூகம் எழுப்பியது. சீனச் சமூகத்தின் முயற்சியால் 1990-இல் தோன்றிய ஸ்கூடாய் சவுத்தர்ன் கல்லூரி, 2012-இல் பல்கலைக் கழகக் கல்லூரியாக உயர்ந்தது. இரண்டாவது, பெருநிறுவனம் அமைத்தது. டெலிகோம் மலேசியாவின் மல்டிமீடியா பல்கலைக் கழகம் ஜொகூரிலும் வளாகம் கண்டது. மூன்றாவது, அயல்நாட்டுக் கிளை. நியூகாசில் மருத்துவக் கிளையும், 2012-இல் வந்த சவுத்தாம்ப்டன் கிளையும் இவ்வகையின.

இவ்வேறுபாடுகளிலிருந்தே, விண்ணப்பிக்குமுன் கேட்க வேண்டிய வினாக்கள் பிறக்கின்றன. பட்டம் வழங்குவோர் யார்? நியூகாசில் கிளையில் பயின்றோர் பெறுவது இங்கிலாந்துத் தாய்ப்பல்கலைக் கழகத்தின் பட்டம். எங்கு, எத்தனை ஆண்டு பயில்வது? சவுத்தாம்ப்டன் பொறியியல் மாணாக்கர் தொடக்கத்தில் ஈராண்டு ஜொகூரிலும் ஈராண்டு இங்கிலாந்திலும் பயின்றனர். இவ்வேறுபாட்டை அறியாதார் முதலாண்டுக் கட்டணத்தை மட்டும் நோக்கிப் பின்னர் திகைக்க நேரும். அப்பட்டத்தை ஏற்போர் யார்? 2007-இல் அமைந்த மலேசியத் தகுதி முகவாண்மை ஏற்ற படிப்புகளைப் பதிவேட்டில் காணலாம். மருத்துவத்திற்கு மருத்துவ மன்றத்தின் ஏற்பும், பொறியியலுக்குப் பொறியாளர் வாரியத்தின் ஏற்பும் வேண்டும். தற்காலிக ஏற்பு வேறு. முழு ஏற்பு வேறு. பி.டி.பி.டி.என். கல்விக் கடனை எதிர்பார்ப்போர் தேர்ந்த படிப்பிற்கு அக்கடன் உண்டா என்பதையும் முன்னரே அறிதல் வேண்டும்.

அரசாங்கப் பல்கலைக் கழகங்களுக்குப் பொதுவான ஒரே விண்ணப்ப முறை உண்டு. தனியார்க்கோ ஒவ்வொன்றிற்கும் நேரே விண்ணப்பித்தல் வேண்டும். ஆண்டிற்குப் பலமுறை சேர்க்கையும் நடைபெறும். ஆதலின் ஓரிடத்து விளம்பரத்தைக் கண்டு விரைந்து முன்பணம் கட்டுவது அறிவுடைமையன்று.

குளுவாங்கிலும் சிகாமட்டிலும் தோட்டப்புறத்தில் வளர்ந்து, தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக் கழகம் புகும் பிள்ளைக்கு இவற்றைச் சொல்வார் வீட்டில் இலர். அப்பொறுப்பு தமிழாசிரியரைச் சார்ந்தது. முன்னோர் பொருள் திரட்டி வாயில் திறந்தனர். எந்த வாயில் எங்கே கொண்டுசேர்க்கும் என்று எடுத்துரைப்பது இக்காலத்தார் கடன்.