வீடணன் (பட்டிமன்றப் பொருள்)

இராவணனின் கடைசித் தம்பி வீடணன் (விபீஷணன்), போர் தொடங்கும் முன்பே அண்ணனை விட்டு நீங்கி இராமனிடம் அடைக்கலம் புகுந்தவன். அவன் செய்தது அறமா, துரோகமா என்பது தமிழ்ப் பட்டிமன்றங்களும் வழக்காடு மன்றங்களும் சலிக்காமல் எடுத்துப் பேசும் பொருள்களுள் ஒன்று. இந்தக் கேள்வி பெரும்பாலும் தனியாக வருவதில்லை. அண்ணனுக்காகவே களத்தில் விழுந்த கும்பகருணனை எதிரே நிறுத்தி, இருவரில் யார் உயர்ந்தவர் என்று கேட்பார்கள். இராமன் பக்கம் நின்ற துணைவர்களில் அனுமனைப் பிடிக்காதவர் இல்லை. சுக்கிரீவனைப் பற்றிக் கொஞ்சம் முணுமுணுப்பு உண்டு. வீடணன் பெயரை எடுத்தால் மட்டும் சபை இரண்டாகிவிடும்.

கதையில் அவன் இடம்

சீதையை விட்டுவிடு என்று இராவணனுக்குப் பலமுறை சொன்னவன் வீடணன். இலங்கைக்குத் தூதாக வந்த அனுமனைக் கொல்ல இராவணன் ஆணையிட்டபோது, தூதரைக் கொல்வது முறையல்ல என்று தடுத்தவனும் அவனே. கம்பர் இதற்கு மேல் ஒன்று சேர்த்தார். வால்மீகியில் இல்லாத இரணியன் வதைப் படலத்தை வீடணன் வாயிலாகவே சொல்லவைத்தார். தந்தை சொல்லை மீறிய பிரகலாதன் கதையை அண்ணனிடம் எடுத்துச் சொல்பவன், தான் செய்யப்போவதற்கும் அங்கேயே நியாயம் தேடிக்கொள்கிறான் என்று படிக்க இடமிருக்கிறது. இராவணனும் அப்படித்தான் புரிந்துகொண்டான். பகைவனிடம் ஏற்கெனவே மனம் வைத்துவிட்டாய் என்று வைது துரத்தினான். அனலன், அனிலன், அரன், சம்பாதி என்னும் நால்வரோடு வீடணன் கடல் கடந்தான். வீட்டார் இலங்கையிலேயே இருந்தார்கள். அசோகவனத்தில் சீதைக்குத் துணையிருந்த திரிசடை, கம்பர் சொல்லும்படி, அவன் மகள்.

பாசறையில் நடந்த வாதம்

இந்தப் பட்டிமன்றத்தின் முதல் அமர்வு நடந்தது காவியத்துக்குள்ளேயேதான். வந்தவனைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று இராமன் எல்லாரையும் கேட்டான். சுக்கிரீவன் கூடாது என்றான். சாம்பவனும் கூடாது என்றான். ஆபத்து வந்த நேரத்தில் உடன்பிறந்தவனையே விட்டுவந்தவன் நாளை நம்மை விடமாட்டான் என்பதற்கு என்ன உறுதி என்பதுதான் அவர்கள் வாதத்தின் சாரம். அனுமன் ஒருவன்தான் மாறிப் பேசினான். அவன் கையில் கண்ட சாட்சி இருந்தது: இலங்கையில் வீடணனின் வீட்டைப் பார்த்திருக்கிறான், தன் உயிருக்காக அவன் சபையில் பேசியதைக் கேட்டிருக்கிறான்.

அனுமன் சொன்ன இன்னொரு காரணத்தை மேடைகளில் அவ்வளவாக எடுப்பதில்லை. வாலி வீழ்ந்து தம்பி சுக்கிரீவன் அரசனானதை அறிந்தே, தனக்கும் அரசு கிடைக்கும் என்ற எண்ணத்தோடு இவன் வந்திருக்கலாம் என்கிறான் வால்மீகியின் அனுமன். அதைக் குற்றமாக அல்ல, வந்தவனை நம்புவதற்குக் காரணமாகச் சொல்கிறான். ஆசை இன்னது என்று தெரிந்தவனோடு உடன்படிக்கை செய்துகொள்ளலாம் அல்லவா? ஆனால் அண்ணன் சாகத் தானே வழிசெய்து அரியணை ஏறிய சுக்கிரீவன் அந்தச் சபையில் உட்கார்ந்துகொண்டு, அண்ணனை விட்டவனை நம்பாதே என்று பேசுவதைக் கேட்டால் சிரிப்பு வரத்தான் செய்கிறது.

இராமன் பெரும்பான்மைக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னான். அடைக்கலம் என்று வந்தவனைக் காத்த பிறகு தோற்றாலும் குறைவில்லை என்பது அவன் நிலை. குகனோடு ஐவர், சுக்கிரீவனோடு அறுவர், உன்னோடு எழுவர் என்று உடன்பிறப்புக் கணக்கில் சேர்த்து, இலங்கை அரசையும் அங்கேயே அவனுக்குக் கொடுத்துவிட்டான். பரதனுக்குச் சூட்டிய பாதுகையையே எனக்கும் சூட்டு என்று வீடணன் கேட்டதாகக் கம்பர் பாடுகிறார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் இங்கேதான் பிடித்துக்கொள்வார்கள்: அண்ணன் உயிரோடு இருக்கும்போதே அவன் நாட்டுக்கு முடிசூடிக்கொண்டவனா துறவி?

கும்பகருணன்

கும்பகருணனும் அண்ணன் செய்தது தவறு என்றே சொன்னான். சபையிலும் சொன்னான், போருக்கு எழுப்பியபோதும் சொன்னான். அதன்பிறகும் போனான். களத்துக்கு வந்தவனைத் தங்கள் பக்கம் அழைத்துவர வீடணனையே அனுப்பினார்கள். தனக்குக் கிடைத்த இலங்கை அரசை உனக்கே தருகிறேன், நீயும் வா என்று தம்பி மன்றாடினான். நெடுங்காலம் வளர்த்துப் போர்க்கோலம் பூட்டி அனுப்பியவனுக்கு உயிர் கொடுக்காமல் அங்கே வரமாட்டேன் என்று அண்ணன் மறுத்தான். ஆனால் தம்பியைத் திட்டவில்லை. நீ சேர்ந்த இடம் நல்ல இடம், நீ பிழைத்திருந்தால்தான் செத்த எங்களுக்கு நீர்க்கடன் செய்ய ஆள் இருக்கும் என்று சொல்லி அனுப்பினான்.

சாகும் தறுவாயில் கும்பகருணன் இராமனிடம் இரண்டு வேண்டுகோள் வைத்தான். மூக்கறுபட்ட முகத்தை யாரும் பார்க்காதபடி தன் தலையைக் கடலில் அமிழ்த்திவிட வேண்டும் என்பது ஒன்று. மற்றது, இராவணன் கையில் சிக்காமல் வீடணனைக் காக்க வேண்டும் என்பது. செஞ்சோற்றுக் கடனுக்கு எடுத்துக்காட்டாக எல்லாரும் காட்டும் ஆளே, விட்டுப்போனவனைக் குற்றவாளி என்று கருதவில்லை. கும்பகருணன் கட்சிக்குப் பேசுகிறவர்கள் இந்த இடத்தை வேகமாகக் கடந்துபோவது வழக்கம்.

நிகும்பலை

வழக்கின் கடினமான பகுதி அடைக்கலம் அல்ல, அதற்குப் பிறகு நடந்தது. இலங்கையின் காவல், படைவலி, தலைவர்களின் பெயர் எல்லாவற்றையும் வீடணன் இராமனுக்குச் சொன்னான். குரங்கு வேடத்தில் வந்த இராவணனின் ஒற்றர்களை அடையாளம் காட்டினான். இந்திரசித்து மாயச் சீதையை வெட்டிக் காட்டியபோது இராமன் படையே கலங்கியது. வீடணன் வண்டு வடிவில் அசோகவனம் போய், சீதை உயிரோடிருப்பதைப் பார்த்து வந்தான். இந்திரசித்து நிகும்பலையில் வேள்வி செய்யப் போயிருக்கிறான், அது முடிந்தால் அவனை வெல்ல முடியாது என்று சொன்னதோடு, இலக்குவனை அங்கே அழைத்துப் போனவனும் அவன்தான்.

இந்திரசித்து அவனுக்கு அண்ணன் மகன். சிற்றப்பனை எதிரே பார்த்த பிள்ளை கேட்ட கேள்விக்கு இரு காவியங்களிலும் கூர் குறையவில்லை. குணம் கெட்டவரானாலும் தன்னவர் தன்னவரே, அயலார் நல்லவரானாலும் அயலாரே என்பது வால்மீகியின் இந்திரசித்து சொல்வது. குலத்தால் அரக்கன், இயல்பால் அல்லன் என்பது வீடணன் மறுமொழி. அண்ணன் மகனைக் கொல்லக் கை எழவில்லை, கண்ணீர் மறைக்கிறது, இலக்குவனே முடிப்பான் என்று வானரர்களிடம் அவன் சொல்வதையும் வால்மீகி விடாமல் பதிவு செய்கிறார். தீமையிலிருந்து விலகுவது ஒன்று. விலகியபின் வீட்டுப் பிள்ளை இருக்கும் இடத்தைக் காட்டுவது வேறொன்று. முன்னதை ஏற்கிறவர்கள் பின்னதையும் ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. பட்டிமன்றத் தலைப்புகள் இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடுவதால்தான் இத்தனை ஆண்டாகியும் வாதம் நகராமல் நிற்கிறது.

வங்கக் கவிஞர் மைக்கேல் மதுசூதன தத்தர் 1861இல் வெளியிட்ட 'மேகநாதவத காவியம்' முழுவதும் இந்த ஒரு காட்சியைச் சுற்றியே அமைந்தது. அதில் மேகநாதன், அதாவது இந்திரசித்து, ஆயுதமின்றி வழிபாட்டில் இருக்கிறான். இலக்குவன் திருட்டுத்தனமாக நுழைகிறான். ஆயுதம் எடுக்க ஓடுகிறவனை வாசலில் மறிப்பவன் சிற்றப்பன் விபீஷணன்.

மேடை

சா. கணேசன் 1939இல் காரைக்குடியில் தொடங்கிய கம்பன் கழகமும், அதைப் பார்த்துப் பல ஊர்களில் எழுந்த கழகங்களும் இந்த வாதத்துக்கு நிலையான மேடை அமைத்தன. குன்றக்குடி அடிகளார் போன்றவர்கள் நடுவராக அமர்ந்த காலத்தில் பாட்டை மனப்பாடமாகச் சொல்லாமல் மேடையேற முடியாது. யாழ்ப்பாணத்தில் 1980இல் தோன்றிய கம்பன் கழகமும், பின்னர் கொழும்பிலிருந்து இயங்கும் அகில இலங்கைக் கம்பன் கழகமும், கம்பவாரிதி இலங்கை ஜெயராஜ் முன்னின்று நடத்தும் விழாக்களில் வழக்காடு மன்ற வடிவத்தை வளர்த்தன. அதில் பாத்திரம் குற்றவாளிக் கூண்டில் நிற்கும். ஒருவர் குற்றம் சாட்டுவார், ஒருவர் மறுப்பார், நடுவர் தீர்ப்பு எழுதுவார். தொலைக்காட்சிப் பட்டிமன்றம் வந்தபின் வீடணன் இடத்தைக் குடும்பத் தலைப்புகள் பிடித்துக்கொண்டன. மாமியாரா மருமகளா என்பதற்குக் கிடைக்கும் கைதட்டல் நிகும்பலைக்குக் கிடைக்காது.

திராவிட இயக்கத்தார் வழக்கை வேறு மன்றத்துக்கு மாற்றினர். இராவணனைத் தமிழர் தலைவனாக வைத்துப் படித்தால் வீடணன் இனத்தைக் காட்டிக்கொடுத்தவன். வேறு வாசிப்புக்கு அங்கே இடமே இல்லை. புலவர் குழந்தை 1946இல் எழுதிய 'இராவண காவியம்' இந்த நோக்கில் அமைந்தது. 1948இல் அரசு அந்நூலைத் தடை செய்தது. 1971இல் தடை நீங்கியது. கட்சி மாறுகிறவரை 'விபீஷணன்' என்று மேடையில் வைவது இன்றும் எல்லாக் கட்சிக்கும் பொது.

வணங்கப்படுபவன்

வைணவ மரபில் இதற்கு நேர்மாறு. சரணாகதி என்றால் முதலில் நினைவுக்கு வருபவன் அவன். பெயரோடு 'ஆழ்வான்' சேர்த்தே வழங்குவர். வேதாந்த தேசிகர் அவன் அடைக்கலத்தை விளக்கவே 'அபயப்ரதான ஸாரம்' எழுதினார். அரங்கநாதரின் விமானத்தை இலங்கைக்குக் கொண்டுபோகும் வழியில் காவிரிக்கரையில் இறக்கிவைத்தவன் என்று திருவரங்கத் தலக்கதை சொல்லும். திருக்கண்ணபுரத்தில் பெருமாள் அவனுக்கு நடையழகு காட்டினார் என்பார்கள். தனுஷ்கோடி செல்லும் வழியிலுள்ள கோதண்டராமர் கோயில், அவன் அடைக்கலம் புகுந்த இடமாகக் கருதப்படுவது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தும் இந்தக் கோயில் நின்றது. இராமேசுவரத்து இராமலிங்கப் பிரதிஷ்டை விழாவின்போது வீடணன் பட்டாபிஷேகம் இங்கேதான் நடக்கிறது.

சிங்கள பௌத்தர்களுக்கு அவன் காவல் தெய்வங்களுள் ஒருவன். களனி விகாரையை ஒட்டி அவனுக்குத் தேவாலயம் உண்டு. கோட்டை அரசன் ஆறாம் பராக்கிரமபாகுவின் மகள் உலகுடையதேவிக்கு ஆண் குழந்தை வேண்டிக் களனி விபீஷணனிடம் நாகணவாய்ப் பறவையைத் தூதனுப்புவதாக, தொட்டகமுவே ஸ்ரீ ராகுல தேரர் 15ஆம் நூற்றாண்டில் 'சலலிஹிணி சந்தேசய' பாடினார். இலங்கையைக் காட்டிக்கொடுத்தவன் என்று இங்கே பேசப்படுகிறவனை இலங்கையிலேயே காவலனாகக் கும்பிடுகிறார்கள்.

தொண்டை நாட்டுக் கூத்துப் பின்னணி

வீடணன் வழக்கைக் கேட்கும் சபையின் மனம் ஊருக்கு ஊர் மாறும்; தொண்டை நாட்டைப் பார்க்கலாம். பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலுக்கு ஆடி மாதம் வேப்பஞ்சேலை உடுத்திச் சுற்ற வரும் கூட்டத்தில் பெரும்பகுதி, திரௌபதி அம்மன் திருவிழாவும் தெருக்கூத்தும் உள்ள வடதமிழகச் சிற்றூர்களைச் சேர்ந்தது. இந்த வட்டாரத்தின் அற உணர்வைக் கம்பன் கழகம் வடித்ததைவிடக் கூத்து மேடை அதிகம் வடித்திருக்கிறது.

'கர்ண மோட்சம்' ஆடும் இரவில், பெற்ற தாயே வந்து பாண்டவர் பக்கம் அழைக்கும்போது கர்ணன் மறுக்கிறான். விடியும் நேரம் மனைவி பொன்னுருவியிடம் விடைபெற்றுப் போருக்குப் புறப்படும் கட்டத்தில், தூக்கக் கலக்கத்தில் இருந்த கிழவிகளும் எழுந்து உட்கார்ந்து கண்ணைத் துடைப்பார்கள். துரியோதனன் செய்தது சரி என்று அவர்களில் யாரும் சொல்லமாட்டார்கள். உப்பிட்டவனை விடாதவன் என்பது போதும். 'வாலி மோட்சம்' பார்த்தவர்களுக்கும் அண்ணனை இழந்தபின் அரசேறும் தம்பிமேல் பெரிய மதிப்பு வராது. கர்ணனுக்கு அழுது பழகிய சபையில் வீடணனுக்காக வாதாடுகிறவர் இரண்டு மடங்கு உழைக்க வேண்டும்.

கணினி விளையாட்டுகளில் இதே வழக்கு

மாயாஜால உலகில் நடக்கும் வேடமேற்பு விளையாட்டுகள் இந்த முடிச்சைத் தாமாகவே கண்டுபிடித்தன. கனடாவின் பயோவேர் நிறுவனம் 2009இல் வெளியிட்ட 'டிராகன் ஏஜ்: ஒரிஜின்ஸ்' விளையாட்டில் லோகெய்ன் என்னும் தளபதி, போரின் நடுவே படையைத் திருப்பிக்கொண்டு போய் மன்னனைச் சாகவிடுகிறான். பின்னால் அவன் தோற்றுச் சரணடையும்போது கொல்வதா, தன் அணியில் சேர்த்துக்கொள்வதா என்று ஆடுபவர் முடிவு செய்ய வேண்டும். சேர்த்தால், தொடக்கத்திலிருந்து கூடவந்த அலிஸ்டர் அணியை விட்டு வெளியேறிவிடுவான். பெல்ஜியத்தின் லாரியன் நிறுவனம் 2023இல் வெளியிட்ட 'பால்டர்ஸ் கேட் 3'இல் ஒவ்வொரு துணைவரும், ஆடுபவர் எடுக்கும் முடிவை ஒப்புவதும் வெறுப்பதும் கணக்கில் ஏறும். வெறுப்பு மிஞ்சினால் பிரிந்து போய்விடுவார்கள்.

இராமன் பாசறையில் யாரும் பிரியவில்லை. எதிர்த்துப் பேசிய சுக்கிரீவனைத்தான் வீடணனை எதிர்கொண்டு அழைத்துவர இராமன் அனுப்பினான். அவனும் போய்த் தழுவி அழைத்து வந்தான். பின்னொரு நாள் இராவணன் வீடணனைக் குறிவைத்து எறிந்த வேலை இலக்குவன் தன் மார்பில் ஏற்றான்.