ஒரு சுண்டு இழுப்பின் கதை

இந்த எபிசோட்ல ஒரே ஒரு அசைவைப் பத்தி மட்டும்தான் பேசப்போறேன். தூண்டில்ல மீன் கொத்தின உடனே கம்பை வெடுக்குனு மேலே தூக்குறோம் இல்லையா, அந்த அசைவு. நம்ம ஊர்க் குளத்தங்கரையில "தக்கை அமுங்கிருச்சு, சுண்டு சுண்டு"ன்னு பக்கத்துல நிக்கிறவர் கத்துவார். அரை நொடிகூட நீடிக்காத வேலை. ஆனா அமெரிக்காவுல பாஸ் மீன் பிடிக்கிறவங்க இந்த அரை நொடியைப் பத்தி எழுபது வருஷத்துக்கும் மேலா வாதம் பண்ணிட்டு இருக்காங்க. எவ்வளவு நேரம் காத்திருக்கணும், எவ்வளவு பலமா இழுக்கணும்? இந்த ரெண்டு கேள்விக்கும் தலைமுறைக்குத் தலைமுறை பதில் மாறியிருக்கு. ஏன் மாறிச்சுங்கிறதுதான் இன்றைய கதை.

முதல்ல மீனைத் தெரிஞ்சுக்குவோம். பெருவாய் பாஸ் இரையைக் கடித்துப் பிய்ப்பதில்லை. வாயைச் சட்டென்று அகலத் திறக்கும். தண்ணீரோடு இரையும் உள்ளே இழுபடும். தண்ணீர் செவுள் வழியே வெளியேறிவிடும், இரை மட்டும் வாயில் தங்கும். பிடிக்காத பொருளாக இருந்தால் அதே வேகத்தில் துப்பியும் விடும். மரத்தில் செய்த இரையில் முட்கள் வெளியே தொங்குவதால், மீன் திரும்பும்போதே ஏதாவது ஒன்று மாட்டிக்கொள்ளும். பிடிப்பவர் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். ரப்பர் மாதிரி மிருதுவான இரை வந்த பிறகுதான் சிக்கல் ஆரம்பிக்குது.

அது ஆரம்பித்த ஊர் ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரன். டயர் கம்பெனிகளின் ஊர். விறைப்பான பிவிசி பிளாஸ்டிக்கை மிருதுவாக்கும் வழியை வால்டோ சீமன் என்ற வேதியியலாளர் 1926இல் கண்டுபிடித்ததும் இதே ஊரில், பி.எஃப். குட்ரிச் நிறுவனத்தில்தான். 1949இல் அந்த ஊர்க்காரரான நிக் கிரீம், மண்புழுவைப் போலவே நெளியும் ஒரு பிளாஸ்டிக் புழுவை வார்த்தெடுத்தார். தொட்டால் உயிருள்ள புழு மாதிரியே இருக்கும். மீனும் அப்படித்தான் நினைத்தது, உடனே துப்பாமல் வாயிலேயே வைத்துக்கொண்டது.

அதனால் ஆரம்ப காலத்தில் பிளாஸ்டிக் புழு போட்டவர்கள் உண்மையான புழுவுக்குப் பழகிய முறையையே பின்பற்றினார்கள். கொத்தினதும் நரம்பைத் தளரவிட்டு, மீன் இரையோடு கொஞ்ச தூரம் ஓடட்டும் என்று பொறுத்திருந்து, பிறகு இழுப்பது. முள் வெளியே தெரியும்படி கோத்த புழுவுக்கு இது வேலை செஞ்சது. ஆனா மீன் புழுவை விழுங்கிடும், முள் தொண்டைக்குள்ள போயிடும். பிடிச்ச மீனெல்லாம் வீட்டுக் குழம்புக்குத்தான் போச்சு என்பதால அன்னைக்கு யாரும் இதை ஒரு குறையா பார்க்கலை.

அடுத்த மாற்றம் டெக்சாஸில். கிரீம் தன் தொழிலை அங்குள்ள டைலர் என்ற ஊருக்குக் கொண்டுபோனார். 1960களில் கிழக்கு டெக்சாஸில் பெரிய பெரிய அணைகள் எழும்பிக்கொண்டிருந்தன: சாம் ரேபர்ன், அதன் பின் லூசியானா எல்லையில் டொலீடோ பெண்ட். காட்டை முழுக்க வெட்டாமலேயே தண்ணீரைத் தேக்கினார்கள். ஏரிக்குள் மரங்கள் நின்றன. மீன் இருந்ததெல்லாம் அந்த மரங்களின் இடுக்கில். முள் வெளியே தெரிந்தால் மீனில் மாட்டுவதற்கு முன்னால் கிளையில் மாட்டும். அதற்கு அந்தப் பகுதி ஆட்கள் கண்ட வழிதான் டெக்சாஸ் ரிக். தோட்டா வடிவ ஈயக்குண்டு ஒன்று முன்னால். முள்ளின் முனையைத் திருப்பிப் புழுவின் உடம்புக்குள்ளேயே புதைத்துவிடுவது. இப்போ எந்தக் கிளையிலயும் மாட்டாது.

ஆனா யோசிச்சுப் பாருங்க. கிளையில மாட்டாத முள், மீன் வாயில மட்டும் எப்படி மாட்டும்? முதலில் அது பிளாஸ்டிக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வரணும், அப்புறம் தாடையில் இறங்கணும். அன்றைய சாமான்களும் கைகொடுக்கவில்லை. கம்பு ஃபைபர்கிளாஸ், இழுத்தால் பாதி வேகத்தை வளைவே தின்றுவிடும். நரம்பு நைலான், நம்ம தங்கூஸ் மாதிரிதான். நன்றாக நீளும் பொருள், அறுபடும் தறுவாயில் தன் நீளத்தில் நாலில் ஒரு பங்கு வரைகூட நீளக்கூடியது. முள்ளோ கடையில் வாங்கிய கையோடு அரத்தில் தீட்டினால்தான் கூர்மை. இத்தனை நஷ்டத்தையும் ஈடுகட்ட ஒரே வழி, மனுஷன் தன் முழு பலத்தையும் போடுவது. கம்பைத் தாழ்த்தி, தளர்ந்த நரம்பைச் சுற்றி எடுத்து, தோள், இடுப்பு எல்லாம் சேர ஓங்கி இழுப்பது. மீனுக்கு மாறுகண் விழுற அளவுக்கு இழு என்று ஒரு பேச்சே உண்டு.

இதை வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் வீரம் காட்டும் சேஷ்டை என்று நினைப்பார்கள். நான் அப்படிப் பார்க்கலை. மோசமான சாமானுக்கு அது சரியான பதில். அது சேஷ்டை ஆனது பிறகுதான்.

1967 ஜூனில் ரே ஸ்காட் என்பவர் ஆர்கன்சாவின் பீவர் ஏரியில் ஒரு போட்டி நடத்தினார். ஆளுக்கு நூறு டாலர் கட்டணம், 106 பேர் வந்தார்கள். அடுத்த வருஷம் பாஸ் ஆங்லர்ஸ் ஸ்போர்ட்ஸ்மேன் சொசைட்டியைத் தொடங்கினார். பத்திரிகை வந்தது, டிவி நிகழ்ச்சிகள் வந்தன. படகில் எழுந்து நின்று உடம்பையே பின்னால் சாய்த்து இழுக்கும் அந்தத் தோற்றம் இந்த விளையாட்டின் அடையாளமே ஆகிப்போனது.

ஆனால் என் பார்வையில் இதைவிட முக்கியமான வருஷம் 1972. பிடித்த மீனைக் கொல்லாமல் ஏரியில் திருப்பி விடும் பழக்கத்தை ஸ்காட் தன் போட்டிகளில் அந்த ஆண்டுதான் கொண்டுவந்தார். அதுவரை முள் உதட்டில் இருந்தாலும் தொண்டையில் இருந்தாலும் ஒன்றுதான். இனிமேல் அப்படி இல்லை. உதட்டில் மாட்டிய மீன் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். தொண்டையிலோ குடல் பக்கமோ மாட்டிய மீன் சாகும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். ஆக, முன்னாடி பொறுமைனு பேர் வாங்கின காத்திருத்தல், இப்போ மீனைக் கொல்ற தாமதமாயிடுச்சு. உணர்ந்த உடனே இழு என்பது புது நியதி.

கலிஃபோர்னியாவின் டீ தாமஸ் கதை இங்கே வருது. 1975இல் ஆர்கன்சாவின் புல் ஷோல்ஸ் ஏரிப் போட்டியில் இவர் ஜெயித்தது 'ஃபிளிப்பிங்' முறையால். தூரமாக வீசுவதே இல்லை. நீளமான கம்பால், கைக்கெட்டும் தூரத்துப் புதருக்குள் ஜிக்கைச் சத்தமில்லாமல் இறக்குவது. ஜிக் என்றால் முள்ளோடு சேர்த்து வார்த்த ஈயத்தலை. முள்முனைக்கு முன்னால் புதரில் மாட்டாமலிருக்கச் சிறு நார்க்கற்றை. முள் தடிமனானது, அதனால் இறங்க அதிக விசை வேண்டும். ஆனால் வெளியே இருக்கும் நரம்பு ரொம்பக் குறைவு, நீள்வதற்கே இடமில்லை. விறைப்பான கம்பால் ஒரே தூக்கு. முள்ளும் இறங்கும், மீனும் புதரைச் சுற்றிக்கொள்வதற்குள் வெளியே வந்துவிடும். இங்கே வேகமும் பலமும் இன்றைக்கும் நியாயமானவை.

அதற்குப் பிறகு சாமான்களே மாறின. 1970களில் கிராஃபைட் கம்பு. பிறகு ஜப்பானிலிருந்து, வேதிமுறையில் கூராக்கிய முட்கள், அரம் தேவையில்லை. 1990களில் பாலிஎத்திலீன் இழையில் பின்னிய நரம்பு. அது நீள்வதே இல்லை என்று சொல்லலாம். அந்தப் பத்தாண்டின் கடைசியில் டிராப் ஷாட் முறையும் ஜப்பானிலிருந்து அமெரிக்கா போனது: மெல்லிய நரம்பு, சின்ன முள், முனை வெளியே. இதில் டெக்சாஸ் இழுப்பு இழுத்தால் நரம்பு அறுபடும், இல்லை முள் விரியும், இல்லை மீனின் வாயில் பெரிய ஓட்டை விழுந்து முள் கழன்றுவிடும். ரீலைச் சுற்றிக்கொண்டே கம்பைப் பக்கவாட்டில் சீராக நகர்த்தினாலே போதும்.

இன்னொரு விஷயம். கம்பு நம்ம பலத்தைப் பெருக்கும்னு பலர் நம்புறாங்க. உண்மையில் அது நேர் எதிர். நம்ம கை பிடிக்கிற இடம் அடியில, நுனி தூரத்துல. நெம்புகோல் கணக்குப்படி வேகம் கூடும், விசை குறையும். நரம்பைச் சுருள்வில் தராசுல கட்டி இழுத்துப் பாருங்க, முள் காட்டுற எடை நீங்க எதிர்பார்த்ததைவிடக் குறைவாத்தான் இருக்கும். அதனால வித்தியாசம் கொடுக்குறது பெரும்பாலும் கூர்மையும், தளர்வில்லாத நரம்பும்தான். புஜபலம் இல்லை.

இந்த வரலாற்றில் என்னை யோசிக்க வைப்பது இதுதான். ஒரு பழக்கம் எதற்காக வந்ததோ அந்தக் காரணம் போன பிறகும் பழக்கம் மட்டும் நின்றுவிடுகிறது. நீளும் நைலானுக்காகப் பிறந்த இழுப்பை, நீளாத நரம்பில் இன்னும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பெரியவர்கள் சொல்லிக் கொடுத்தது பொய் இல்லை. அவங்க கையில இருந்த சாமானுக்கு அது உண்மை. நாம கேட்க வேண்டியது, இப்போ நம்ம கையில என்ன இருக்கு? முனை புதைஞ்சிருக்கா, வெளியே இருக்கா? முள் தடியா, மெல்லிசா? பதிலை அதுதான் சொல்லும்.

கேள்விகள் இருந்தா எழுதுங்க, அடுத்த எபிசோட்ல எடுத்துப் பேசுவோம்.