நியூயார்க் டெலி சாண்ட்விச்: 2,000 ரூபாய் கொடுத்து வாங்குற அளவுக்கு அப்படி என்னதான் இருக்கு?

ரெண்டு துண்டு ரொட்டி. நடுவில் குவியலாக இறைச்சி. மேலே கொஞ்சம் கடுகு சாஸ். பார்க்க இவ்வளவுதான். ஆனா நியூயார்க்கின் பிரபல கடைகளில் இதன் விலை 25 டாலருக்கும் மேல். நம்ம காசுல 2,000 ரூபாயைத் தாண்டும். அப்படியும் வரிசையில் நின்று வாங்குகிறார்கள். இன்னொரு பக்கம், இதை விற்கும் பழைய கடைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய்விட்டன. ஏன் இப்படி? அசல் டெலி சாண்ட்விச்சை எப்படிக் கண்டுபிடிப்பது? விரிவாகப் பார்க்கலாம்.

'டெலி' என்றால் என்ன?

ஜெர்மன் மொழியிலிருந்து வந்த 'டெலிகேட்டசன்' என்ற சொல்லின் சுருக்கம்தான் டெலி. சுவைமிக்க உணவுப் பண்டங்கள் என்று பொருள். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் குடியேறிய ஜெர்மானியர்கள், பதப்படுத்திய இறைச்சி விற்கும் இந்தக் கடைகளைத் தொடங்கினார்கள்.

1880-களில் இருந்து கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் வரத் தொடங்கினார்கள். 1924-ல் அமெரிக்கா குடியேற்றத்துக்குக் கடும் கட்டுப்பாடு விதிப்பதற்குள், 20 லட்சத்துக்கும் அதிகமானோர் வந்து சேர்ந்தனர். அவர்களில் பலர் நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடு பகுதியில் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். அங்கே உருவானதுதான் யூத டெலி.

யூதர்களின் உணவு விதிக்கு 'கோஷர்' என்று பெயர். இதன்படி பன்றி இறைச்சி கூடாது. இறைச்சியையும் பால் பொருளையும் சேர்த்துச் சாப்பிடவும் கூடாது. அதனால் இந்த டெலிகளில் மாட்டிறைச்சிதான் பிரதானம். சீஸுக்கு இடமில்லை.

பாஸ்ட்ராமி எங்கிருந்து வந்தது?

டெலி சாண்ட்விச்சின் நாயகன் பாஸ்ட்ராமி. துருக்கியர்களின் 'பாஸ்டிர்மா' என்ற பதப்படுத்திய இறைச்சி ருமேனியாவுக்குப் போய் 'பாஸ்ட்ராமா' ஆனது. அங்கே யூதர்கள் இதை வாத்து இறைச்சியில் செய்தார்கள். அமெரிக்கா வந்தபோது மாட்டிறைச்சி மலிவாகக் கிடைத்ததால் அதற்கு மாறிக்கொண்டார்கள்.

அதிலும் முன்பகுதி இறைச்சிதான். கோஷர் முறையில் மாட்டின் பின்பகுதியைப் பயன்படுத்த வேண்டுமென்றால் குறிப்பிட்ட நரம்பையும் கொழுப்பையும் நீக்க வேண்டும். அது பெரிய வேலை. அதனால் நெஞ்சுப் பகுதியும் வயிற்றுப் பகுதியும் டெலிக்கு வந்தன. ரெண்டுமே கெட்டியான, மலிவான பகுதிகள். அவற்றை மெதுமெதுப்பாக மாற்றியது கைப்பக்குவம்தான்.

எப்படிச் செய்கிறார்கள்?

1. ஊறவைத்தல்: இறைச்சியை மசாலா கலந்த உப்பு நீரில் நாள்கணக்கில், சில கடைகளில் வாரக்கணக்கில் ஊறவைப்பார்கள். இதில் சேர்க்கும் நைட்ரைட் உப்புதான் இறைச்சிக்கு இளஞ்சிவப்பு நிறம் தருகிறது.

2. மசாலா: மிளகு, மல்லி விதை, பூண்டு எல்லாம் சேர்த்து மேலே பூசுவார்கள். ஓரத்தில் தெரியும் கறுப்பு இதுதான்.

3. புகை: குறைந்த சூட்டில் நீண்ட நேரம் புகையில் வைப்பார்கள்.

4. ஆவி: கடைசியாக ஆவியில் வேகவைப்பார்கள். கெட்டியான சவ்வு இளகி, ஜெலட்டினாக மாறுவது இங்கேதான்.

'கார்ன்டு பீஃப்' என்று இன்னொன்று உண்டு. அதுவும் உப்பு நீரில் ஊறியதுதான். ஆனா மசாலாப் பூச்சும் புகையும் கிடையாது. பெயரைப் பார்த்து மக்காச்சோளம் என்று நினைக்க வேண்டாம். 'கார்ன்' என்பது இங்கே பெரிய உப்புக் கல்லைக் குறிக்கும்.

கடைகள் ஏன் மூடப்பட்டன?

1930-களில் நியூயார்க் நகரில் 1,500-க்கும் மேற்பட்ட கோஷர் டெலிகள் இருந்தன. இன்று விரல் விட்டு எண்ணிவிடலாம். காரணங்கள் பல. யூதக் குடும்பங்கள் புறநகருக்கு இடம்பெயர்ந்தன. பதப்படுத்திய இறைச்சி சூப்பர் மார்க்கெட்டிலேயே பாக்கெட்டில் கிடைத்தது. ஒரு காலத்தில் மலிவாக இருந்த இறைச்சிப் பகுதியும் விலை ஏறிவிட்டது. புகையிலும் ஆவியிலும் எடை கணிசமாகக் குறையும் என்பதால், வாங்கியதில் ஒரு பங்குதான் தட்டுக்கு வருகிறது.

எல்லாத்துக்கும் மேல் வாடகை. 1954-ல் தொடங்கிய 'செகண்ட் அவென்யூ டெலி', வாடகைப் பிரச்னையால் 2006-ல் மூடப்பட்டது. அடுத்த ஆண்டே வேறு தெருவில் திறக்கப்பட்டாலும் பழைய பெயரே தொடர்கிறது. 1937-ல் தொடங்கிய 'கார்னெகி டெலி' உணவகம் 2016 கடைசியில் மூடியது. 1888 முதல் இயங்குவதாகச் சொல்லும் 'காட்ஸ்' மட்டும் ஹூஸ்டன் தெருவில் இன்றும் நிற்கிறது.

அசல் டெலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

* இறைச்சியைக் கத்தியால் கையாலேயே வெட்ட வேண்டும். நன்றாக வெந்த பாஸ்ட்ராமியை மெஷினில் போட்டால் உதிர்ந்துவிடும்.

* ஆர்டர் செய்த பிறகுதான் ஆவியிலிருந்து எடுக்க வேண்டும். சூடு இல்லை என்றால் சந்தேகப்படலாம்.

* ரொட்டி ரை மாவில் செய்ததாக இருக்க வேண்டும். சீரகம் போலத் தெரியும் கேரவே விதை அதில் இருக்கும்.

* கடுகு சாஸ் மட்டும் போதும். மயோனைஸ் கேட்டால் பழைய கடைக்காரர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

* பக்கத்தில் உப்பு நீரில் ஊறிய வெள்ளரிக்காய் வரும். கொழுப்பின் திகட்டலுக்கு அதுதான் மருந்து.

சீஸும் புளித்த முட்டைகோஸும் வைத்த 'ரூபன்' சாண்ட்விச்சும் டெலிகளில் பிரபலம். ஆனா இறைச்சியோடு சீஸ் சேர்வதால் அது கோஷர் கிடையாது. காட்ஸ் கடையும் கோஷர் கடை இல்லை. மத விதியைக் கடைப்பிடிப்பவர்கள் கேட்டுவிட்டுச் சாப்பிடுவது நல்லது.

போகும் முன் தெரிஞ்சுக்க வேண்டியது

காட்ஸில் நுழைந்ததும் ஆளுக்கு ஒரு சீட்டு தருவார்கள். வாங்குவதை எல்லாம் அதில் குறித்து, வெளியேறும்போது பணம் வாங்குவார்கள். சீட்டைத் தொலைத்தால் 50 டாலர் கட்டணம்! இறைச்சி வெட்டுபவர் ருசி பார்க்க ஒரு துண்டு கொடுப்பார். அவருக்கு டிப்ஸ் வைப்பது வழக்கம். 1989-ல் வந்த 'வென் ஹாரி மெட் சாலி' படத்தின் பிரபல காட்சி எடுக்கப்பட்ட மேஜையும் இங்கேதான் இருக்கிறது.

தினமும் சாப்பிடலாமா?

வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, பதப்படுத்திய இறைச்சியை 2015-ல் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் சுமார் 18 சதவீதம் கூடும் என்றது. டெலி சாண்ட்விச் ஒன்றில் இதைவிடப் பல மடங்கு இறைச்சி இருக்கும். உப்பும் அதிகம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

மற்றவர்கள் எப்போதாவது ஒரு முறை, அதுவும் ரெண்டு பேர் பகிர்ந்து சாப்பிடலாம். ஒன்றை முழுசா ஒருத்தரே முடிப்பது கஷ்டம். பாதியாக்கினால் விலையும் பாதிதானே!