காற்றழுத்தச் சோதனைகள்

காற்றுக்கு எடை உண்டு. அந்த எடையால் அது தான் தொடும் பரப்பையெல்லாம் எல்லாத் திசைகளிலிருந்தும் அழுத்துகிறது. இதைக் கண்ணெதிரே மெய்ப்பிக்கும் எளிய செய்முறைகளே காற்றழுத்தச் சோதனைகள். கடல் மட்டத்தில் இவ்வழுத்தம் சராசரியாக 1,013 ஹெக்டோபாஸ்கல், அதாவது ஒரு சதுர சென்டிமீட்டரின்மீது ஏறத்தாழ ஒரு கிலோ எடை. 76 செ.மீ. உயரப் பாதரசத்தையோ 10.3 மீட்டர் உயரத் தண்ணீரையோ தாங்கி நிறுத்த இது போதும். உடலுக்குள்ளிருந்தும் அதே அளவு அழுத்தம் வெளிநோக்கி இருப்பதால் நாம் இதை உணர்வதில்லை. சோதனைகள் பலவானாலும் உத்தி ஒன்றுதான்: ஒரு பக்கத்துக் காற்றை நீக்கியோ குறைத்தோ விட்டால், மறுபக்கத்துக் காற்றின் பலம் தெரிந்துவிடும்.

இவற்றுள் மிகப் பழையது கிரேக்கர்களின் நீர் மொள்ளும் கலம். அடியில் பல துளைகளும் மேலே ஒரு குறுகிய வாயும் உடையது. வாயை விரலால் அடைத்துக்கொண்டு அமிழ்த்தினால் நீர் உள்ளே புகாது. நிரம்பிய பின் அடைத்துத் தூக்கினால் ஒழுகாது. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எம்பெடோக்ளிஸ் மூச்சு இயங்கும் விதத்தை இக்கலத்தைக் கொண்டு விளக்கினார். ஆனால் இயற்கையில் வெற்றிடம் இருக்கவே முடியாது என்ற அரிஸ்டாட்டிலின் கொள்கை குறுக்கே நின்றது. வெற்றிடத்தை வெறுக்கும் இயற்கை நீரை மேலே இழுத்து நிரப்புகிறது என்று பின்னால் வந்தவர்கள் சொல்லிக்கொண்டிருந்ததால், அடுத்த அடி எடுத்து வைக்க இரண்டாயிரம் ஆண்டு பிடித்தது.

அந்த அடியை எடுக்கவைத்தவர்கள் கிணற்றுப் பம்புக்காரர்கள். உறிஞ்சு பம்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஏறத்தாழ 10 மீட்டருக்கு மேல் நீரை ஏற்றாது என்பது அவர்களுக்கு அனுபவத்தில் தெரியும். 1638இல் வெளிவந்த நூலில் கலிலியோ இதைக் குறிப்பிட்டு, நீர்த்தம்பம் தன் எடை தாளாமல் அறுந்துவிடுகிறது என்று காரணம் சொன்னார். காற்றுக்கு எடை உண்டு என்று அதே நூலில் காட்டியவர், இரண்டையும் இணைத்துப் பார்க்காமல் விட்டது வியப்பே. 1640 வாக்கில் ரோமில் காஸ்பாரோ பெர்ட்டி தம் வீட்டு முகப்பில் நீண்ட ஈயக் குழாயை நிறுத்தி நீரால் நிரப்பிப் பார்த்தார். நீர் அதே உயரத்தில் வந்து நின்றது.

கலிலியோவின் மாணவர் டாரிசெல்லி நீருக்குப் பதிலாக அதைவிட 13.6 மடங்கு அடர்ந்த பாதரசத்தைக் கொண்டு, பெருங்குழாயை மேசைமேல் வைக்கும் அளவுக்குச் சுருக்கினார். கலிலியோவின் இன்னொரு மாணவரான விவியானி செய்து காட்டிய அச்சோதனையில் பாதரசம் 76 செ.மீ. அளவில் நின்றது. 1644 ஜூன் 11 அன்று நண்பர் ரிச்சிக்கு எழுதிய கடிதத்தில், நாம் காற்றுக் கடலின் அடியில் வாழ்கிறோம் என்ற கருத்தை டாரிசெல்லி முன்வைத்தார். முனையில் பெரிய குமிழ் உள்ள குழாய், இல்லாத குழாய் என இரண்டையும் அவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது பலர் கவனிக்காத நுட்பம். மேலேயுள்ள வெற்றிடம் இழுப்பதாயிருந்தால் பெரிய வெற்றிடம் அதிகமாக இழுக்கவேண்டும். இரண்டிலும் மட்டம் ஒன்றாகவே இருந்தது.

மலை ஏறினால் காற்றின் எடை குறையவேண்டும் என்று பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கருதினார். அவருக்காக அவருடைய மைத்துனர் பெரியே, 1648 செப்டம்பர் 19 அன்று பிரான்சின் புய் தெ தோம் மலைமீது குழாயுடன் ஏறினார். அடிவார ஊரான கிளெர்மோனில் சுமார் 71 செ.மீ. இருந்த பாதரசம் உச்சியில் சுமார் 63 செ.மீ.க்கு இறங்கியது. கீழே மடத்துத் தோட்டத்தில் விட்டுவந்த இன்னொரு குழாயை ஒரு துறவி நாள் முழுதும் பார்த்துக்கொண்டிருந்தார், அது அசையவில்லை. விவாதம் இத்துடன் பெரும்பாலும் முடிந்தது.

மக்டபர்க் நகரத்தலைவர் ஆட்டோ வான் கெரிக்கே விவாதத்தைவிடக் காட்சியை நம்பியவர். நீர் நிரப்பிய மரப் பீப்பாயிலிருந்து நீரை வெளியேற்றிப் பார்த்தார். இடுக்குகள் வழியே காற்று சீறி நுழைந்தது. செம்புக் கோளத்தில் முயன்றபோது அது பெருஞ்சத்தத்துடன் நசுங்கியது. பிறகே இரு அரைக்கோளங்களைப் பொருத்தி, உள்ளே இருந்த காற்றைத் தம் பம்பினால் வெளியேற்றினார். 1657இல் மக்டபர்கில் பக்கத்துக்கு எட்டாகப் பதினாறு குதிரைகள் அவற்றைப் பிரிக்கப் போராடின. அரை மீட்டர் விட்டமுள்ள கோளத்தில் முழு வெற்றிடம் இருந்தால், பிரிக்கத் தேவையான விசை சுமார் 2,000 கிலோ எடைக்குச் சமம். ஒரு பக்கத்தைச் சுவரில் கட்டியிருந்தால் எட்டுக் குதிரைகளே போதும். பதினாறு என்பது கூட்டத்துக்காக.

பள்ளிகளில் செய்பவற்றுள் தலையாயது டம்ளர் சோதனை. டம்ளரில் தண்ணீரை விளிம்புவரை நிரப்பி, அட்டையால் மூடி, பிடித்துக்கொண்டு கவிழ்த்துக் கையை எடுத்தால் அட்டை விழாது. 7 செ.மீ. வாயுள்ள டம்ளரில் 10 செ.மீ. உயரத் தண்ணீர் இருந்தால் அதன் எடை 400 கிராமுக்கும் குறைவு. கீழிருந்து காற்று தள்ளும் விசையோ சுமார் 40 கிலோ எடைக்குச் சமம். விளிம்பில் காற்று புகாமல் காப்பது நீரின் பரப்பு இழுவிசை. சிறிது நீரைக் கொதிக்கவைத்து ஆவி நிரம்பியதும் மூடி இறுக்கிய தகர டின், மேலே பச்சைத்தண்ணீர் ஊற்றியதும் நசுங்கும். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே மூடவேண்டும். மூடியதைச் சூடேற்றினால் வெடிக்கும். மை நிரப்பி, சிரிஞ்சு, உறிஞ்சுகுழல் ஆகியவற்றிலும் இதே தத்துவம்தான். நம் தெருக்களின் சாதாரண அடிபம்பு நடைமுறையில் ஏழெட்டு மீட்டர் ஆழத்துக்குத்தான் உதவும். ஆழ்குழாய்க் கிணறுகளில் பம்பின் உருளையைக் கீழே, நீருக்குள் இறக்கிவிடுவது இதனால்தான்.

தட்டு நீரில் எரியும் மெழுகுவத்தியை டம்ளரால் மூடினால் நீர் உள்ளே ஏறுவதும் இவ்வகையே. தீ ஆக்சிஜனைத் தின்றுவிட்டதால் நீர் அந்த இடத்தை நிரப்புகிறது என்று பல பாடநூல்கள் எழுதுவது தவறு. சூட்டில் விரிந்த காற்றில் ஒரு பகுதி குமிழிகளாக வெளியேறுகிறது. சுடர் அணைந்ததும் எஞ்சிய காற்று குளிர்ந்து அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று நீரை உள்ளே தள்ளுகிறது. சுடர் அணைந்த பிறகே நீர் விரைந்து ஏறுவதைக் கவனித்தால் இது விளங்கும்.

பாதரச ஆவி நச்சு என்பதால் டாரிசெல்லி சோதனையை இன்று பள்ளிகளில் செய்யலாகாது. இப்போது பல கைபேசிகளில் உள்ள அழுத்த உணரி, ஒரு மாடி ஏறினாலே வேறுபாட்டைக் காட்டிவிடுகிறது. கெரிக்கேயின் அரைக்கோளங்கள் மியூனிக்கில் உள்ள ஜெர்மன் அருங்காட்சியகத்தில் உள்ளன.